மார்ச் மாதத்து ட்ரெயினிங்

“நீ வாசிக்க? இல்லை. நீ துடைக்க.”

பேஸ்போல் கழகத்தின் தலைவர் என்னிடம் சொன்ன முதல் வசனம் இதுதான், இதை வசனம் என்று சொல்லலாமென்றால். மேசையில் கிடந்த அமெரிக்கப் பத்திரிகையை ஒதுக்கித் துடைக்கப் போனவள் ஒரு தலைப்பை வாசித்துவிட்டேன். என் கண் எழுத்தின் மேல் நின்றதை அவர் கண்டுவிட்டார்.

அவர் ஜெர்மன்காரர். பிறந்த நாள் முதல் அந்த மொழியைத்தான் பேசுகிறார். ஆனால் அகதிகளோடு பேசும்போது மட்டும் வினைச்சொற்களின் வாலை அறுத்துவிட்டுப் பேசுவார். அப்போதுதான் எங்களுக்கு விளங்குமாம். நானோ நகர நூலகத்தில் இரவல் எடுத்த இலக்கணப் புத்தகத்தை வைத்து அந்த வால்களை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். எங்கள் இருவரில் ஒருவர் மட்டுமே அந்த மொழிக்கு மரியாதை கொடுத்தார்.

நானும் அண்ணையும் எண்பத்தைந்தில் வந்தவர்கள். பிராங்பேர்ட்டுக்கு வெளியே, விமானங்கள் தாழப் பறக்கும் பக்கத்தில், எங்களை ஒரு ஹைமில் போட்டார்கள். அகதிகளைத் தங்கவைக்கும் விடுதிக்கு அப்படித்தான் பெயர். வேலை செய்ய அனுமதி இல்லை. ஆனால் சமூக உதவி அலுவலகம் விரும்பினால் பொதுச்சேவை என்று எங்கேயும் அனுப்பலாம். அந்த அலுவலகத்தை நாங்கள் சோசல் என்போம். சோசல் என்னை அனுப்பியது காட்டோரத்தில் இருந்த இந்தக் கழகத்துக்கு. சனிக்கிழமைகளில் கழக வீட்டைக் கழுவ வேண்டும், கோப்பி ஊற்ற வேண்டும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் என்று சொல்லத்தக்கதாகப் போன முதல் ஆள் நான். அப்பா பெருவிரலை மையில் தோய்க்கிறவர். அண்ணை இரண்டாம் வகுப்போடு தோட்டத்துக்கு இறங்கியவர். நான் உயர்தரம் வரை படித்தேன். விலங்கியலில் எங்கள் பள்ளியில் நான்தான் முதல். பெறுபேற்றுக் கடதாசி வீட்டோடு எரிந்தது. கடதாசி எரிந்தால் படித்ததும் எரிந்துவிடும் என்று இந்த நாட்டு அலுவலகங்கள் நம்புகின்றன.

பக்கத்து நகரத்தில் தேவாலயம் நடத்தும் மருத்துவமனை ஒன்றில் தாதியருக்கு உதவியாளராகப் படிப்பிக்கும் பள்ளி இருந்தது. அகதிகளையும் எடுப்பார்கள். சான்றிதழ் இல்லாதவர்களுக்கு ஒரு வழி விட்டிருந்தார்கள்: இவர் ஜெர்மன் வாசிப்பார், எழுதுவார், சொன்னதை விளங்கிச் செய்வார் என்று, எங்கே வேலை செய்தோமோ அங்கே பொறுப்பான ஒருவர் கையெழுத்திட்டுக் கொடுத்தால் போதும். எனக்கு அந்தக் கழகத்திடம் வேண்டியிருந்தது அந்த ஒரு கடதாசி மட்டும்தான். அதற்காகத்தான் மூன்று பேரின் அபிப்பிராயங்களை மூன்று வருடம் காதில் வாங்கினேன்.

மூவரும் யன்னலோர மேசையில் இருப்பார்கள். ஒருவர் தலைவர், காப்புறுதி விற்பவர். மற்றவர் ஓய்வு பெற்ற அமெரிக்கச் சார்ஜன்ட். இங்கேயே கல்யாணம் செய்து இருபது வருடம் இருந்தும் ஜெர்மனில் பியரும் நன்றியும் மட்டும் கேட்கவும் சொல்லவும் தெரிந்தவர். மூன்றாமவர் புவியியல் வாத்தியார். சிறுவயதில், போருக்குப் பிறகு வந்த அமெரிக்கப் படைவீரர்களிடம் இந்த விளையாட்டைப் பழகியவராம். மூவரும் பேசியது ஜெர்மனும் ஆங்கிலமும் கலந்த மொழி. நான் அதை என் தமிழில் தருகிறேன், ஆகையால் உள்ளதைவிடக் கொஞ்சம் நன்றாகவே இருக்கும்.

பேஸ்போல் விளங்க எனக்கு ஒரு பின்னேரம் போதுமாக இருந்தது. எங்கள் பள்ளிகளில் எல்லே விளையாடுவோம். மூங்கில் தடியால் பந்தை அடித்துவிட்டு வட்டமாக ஓடுவது. இதுவும் அதன் ஒன்றுவிட்ட சகோதரம்தான், உடுப்பு மட்டும் கூட. ஒரு சனிக்கிழமை புள்ளி எழுதுகிறவர் காய்ச்சலில் வரவில்லை. சார்ஜன்ட் கொப்பியை என் பக்கம் தள்ளினார்.

“மிஸ், உங்களுக்கு இங்கிலீஷ் தெரியும். எழுதுங்கோ.”

“அவளோ?” என்றார் தலைவர்.

“நீர் எழுதும் அப்ப.”

தலைவருக்கு விளையாட்டைப் பார்க்கும்போது சாப்பிட இரண்டு கையும் வேண்டும். ஆகவே நான் எழுதினேன். இரண்டு கிழமை தலைவர் என் பக்கங்களைச் சரிபார்த்தார். மூன்றாம் கிழமை விட்டுவிட்டார். அதன்பின் மூன்று வருடமும் அந்தக் கழகத்தின் புள்ளிக் கொப்பி என் கையெழுத்தில்தான் இருந்தது.

மாசி பிறந்தால் மேசையில் பேச்சு ஒன்றுதான்: ஸ்பிரிங் ட்ரெயினிங். அமெரிக்காவின் வெயில் பக்கங்களுக்குப் பெரிய அணிகள் போய், சீசன் தொடங்குமுன் பயிற்சி ஆட்டங்கள் ஆடும். அந்தப் புள்ளிகள் கணக்கில் சேராது. சேராத புள்ளிகளை வைத்து இவர்கள் நாள்கணக்கில் சண்டை பிடிப்பார்கள். அமெரிக்கப் படைகளின் வானொலியில் ஒரு வரி வரும், பத்திரிகை நாலு நாள் பிந்தி வரும். அந்த ஒரு வரியிலும் நாலு நாள் பழசிலும் இருந்து முழு வருடத்தையும் சொல்லிவிடுவார்கள்.

“மார்ச் மாதத்து வெற்றிக்கு ஒரு அர்த்தமும் இல்லை,” என்பார் சார்ஜன்ட். அவருடைய அணி தோற்றுக்கொண்டிருக்கும் வருடம் அது. அடுத்த வருடம் வென்றது. “எல்லாம் மார்ச்சிலயே தெரிஞ்சிடும். கண் இருக்கிறவனுக்கு.”

“போன வருசம் வேற சொன்னனீர்,” என்றார் வாத்தியார்.

“போன வருசம் போன வருசம்.”

தலைவருக்கும் கொள்கை உண்டு. அமெரிக்கர்கள் வெயிலில் பழகி மென்மையாகிவிட்டார்கள். உண்மையான பயிற்சி எங்கள் சேற்றில்தான். ஆகவே எங்கள் கழகமும் மார்ச்சில் ஸ்பிரிங் ட்ரெயினிங் நடத்தியது. மழையில் பந்து சோப்புக் கட்டியாக வழுக்கும். ஆட்கள் விழுவார்கள். தலைவர் யன்னலுக்குப் பின்னால் நின்று, “நல்லது, நல்லது,” என்பார். விழுந்தவர்களின் சேறு முழுவதும் சனிக்கிழமை நான் துடைக்கும் நிலத்துக்கு வரும். அந்த ட்ரெயினிங்கால் யாருக்கும் ஏதும் தேறியதென்றால் என் தோள்மூட்டுக்குத்தான்.

அரசியலையும் இதே மாதிரித்தான் பேசுவார்கள், ஒரு வரியில் முழு உலகத்தையும். சார்ஜன்ட் ஒருநாள் என்னைக் கேட்டார், “உங்கட நாட்டில நீங்கள் எந்தப் பக்கம் மிஸ்? கம்யூனிஸ்ட் பக்கமோ, மற்றதோ?”

“பஸ் ஓடாத பக்கம்,” என்றேன்.

அவர் சிரித்தார். நான் பகிடி விடவில்லை.

தலைவர் படகு நிரம்பிவிட்டது என்பார். இந்த நாட்டில் அகதிகளைப் பற்றிப் பேச அதுதான் சொல். அதைச் சொல்லிக்கொண்டே கோப்பையை என் பக்கம் நீட்டுவார், நிரப்பச் சொல்லி. வாத்தியார் உடனே என்னைப் பார்த்து, “உங்களைச் சொல்லேல்லை. நீங்கள் நல்லா வேலை செய்யிறீங்கள்,” என்பார். அவர் மட்டும்தான் என்னோடு முழு இலக்கணத்தில் பேசுகிறவர். அந்த மரியாதையோடு அப்படி ஒன்றைச் சொல்லும்போது தலைவரின் அறுத்த வசனமே தேவலை என்றிருக்கும்.

ஆனால் வாத்தியாரின் உண்மையான மதம் காடு. அலாஸ்காவின் கரடி போட்ட நாட்காட்டியைச் சுவரில் அவர்தான் மாட்டியவர். மரங்கள் அமில மழையில் சாகின்றன என்று பத்திரிகைக்கு எழுதுவார். காரின் பின்னால் ‘காட்டைக் காப்போம்’ என்று ஒட்டியிருந்தார். அந்தக் காரில்தான், நான் பத்து நிமிடத்தில் நடக்கிற தூரத்தை, ஒவ்வொரு சனியும் வருவார்.

“மனிசனே கால் வைக்காத இடம்தான் காடு,” என்று ஒருநாள் சொன்னார். “மனிசன் உள்ளுக்கு வந்தால் அது தோட்டம்.”

“அப்ப வேட்டைக்காரன்?” என்றார் சார்ஜன்ட். “காட்டைக் காப்பாத்திறது நாங்கள்தான். மான் இல்லாட்டி எனக்குக் காடு எதுக்கு?”

“கரடிக்கு நீர் மான்.”

“கரடி என்னைத் தின்னட்டும். வரி கேக்காமல் தின்னட்டும்.”

அன்று நானும் வாயைத் திறந்தேன். எங்கள் ஊரில் ராணுவம் தெருவோரத்துப் பனைகளை எல்லாம் தறித்துவிட்டது, ஒளிந்து நிற்க யாருக்கும் மரம் இருக்கக் கூடாதென்று. மரத்தை வெட்டுவதற்கு இப்படியும் ஒரு காரணம் உண்டு என்றேன். வாத்தியார் யோசித்தார். பிறகு மிகவும் கனிவாகச் சொன்னார்.

“ஆனால், சரியாச் சொன்னால், பனை மரத்தில சேர்த்தியில்லை. புல்லினத்துக்குக் கிட்ட.”

விலங்கியலோடு தாவரவியலும் படித்தவள் நான். அது எனக்கும் தெரியும். அதன் பிறகு அந்த மேசைக்கு நான் ஊர்க்கதை சொன்னதில்லை.

மூன்றாம் மார்ச்சில் கடிதத்தைக் கேட்டேன். தலைவர், “ட்ரெயினிங் முடிய. அப்ப கடிதம். விளங்குது?” என்றார். நான் ஹைமுக்கு வந்து, பொதுச் சமையலறையில் அண்ணையிடம் அதை அப்படியே சொன்னேன்.

“தலைவர் என்ன சொன்னவர்?”

“ட்ரெயினிங் முடியட்டாம். முடிஞ்சோடன கடிதம் தாறாராம்.”

பக்கத்து அடுப்படியில் அரிசி கழுவிக்கொண்டிருந்த, ஹைமில் எங்களோடு இருக்கும் ஊர்க்கார அக்கா ஒருவரின் கை நின்றது. எங்கள் ஊரில் அந்த வருடங்களில் ட்ரெயினிங் என்றால் ஒன்றுதான்: இயக்கத்துக்குப் போய், இரவோடிரவாகப் படகேறி, துவக்குப் பழகுவது. தலைவர் என்றாலும் எங்களுக்குப் பந்து அடிக்கிறவர்களின் தலைவர் நினைவுக்கு வரமாட்டார்.

“தங்கச்சி, பொம்பிளைப் பிள்ளையளையும் இஞ்ச வைச்சு எடுக்கினமோ?”

“பந்தடி ட்ரெயினிங் அக்கா.”

“ஓம், ஓம். என்ர தம்பியும் பந்தடிக்கப் போறன் எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவன்.” அரிசியைத் திரும்பவும் கழுவத் தொடங்கினா. “மூண்டு வருசமாப் பந்தடிக்கிறான்.”

நான் சிரித்தேன். அண்ணை சிரிக்கவில்லை. “மெல்லமாக் கதை,” என்றார்.

கடிதம் மார்ச் கடைசியில், ஒரு சனிக்கிழமை வந்தது. தலைவர் உறையில் போட்டுத் தந்தார். எனக்குத் தெரிந்து அவர் எழுதிய முதல் நல்ல ஜெர்மன் அதுதான். மூன்று வருடமாகக் கழகத்தின் ஸ்பிரிங் ட்ரெயினிங்கில் ஒழுங்காக வேலை செய்தேன், புள்ளிகளை எழுதினேன், எழுத்தும் வாசிப்பும் சரளம் என்று இருந்தது. எங்கள் கடதாசிகள் இருக்கும் பையில் வைத்தேன். வெள்ளிக்கிழமைக்குள் அது பள்ளிக்குப் போய்ச் சேர வேண்டும். புகைப்படமும் சேர்த்துச் செவ்வாய்க்கிழமை அனுப்பலாம் என்று பையைத் திறந்தால் உறை இல்லை.

“அண்ணை, வெள்ளைக் கவர் ஒண்டு இருந்தது.”

அண்ணை சப்பாத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த ஹைமில் சப்பாத்துத் துடைத்துப் போக ஓரிடமும் இல்லை.

“கிழிச்சுப் போட்டன்.”

“ஏன்?”

“அதில அந்தச் சொல்லுக் கிடந்தது.”

அண்ணைக்கு ஜெர்மன் வாசிக்க வராது, ஆங்கிலமும் வராது. ஆனால் ஒரு சொல்லை மட்டும் உருவத்தால் தெரியும். அவருடைய அகதி விசாரணையில் ட்ரெயினிங் எடுத்தனீரோ என்று திரும்பத் திரும்பக் கேட்டார்களாம். முடிவில் அறிக்கையின் நகலைக் கொடுத்தபோது, மொழிபெயர்க்க வந்தவர் ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டியிருக்கிறார்: இதுதான் ட்ரெயினிங் என்ற சொல்லு, பக்கத்தில இல்லை எண்டு எழுதியிருக்கு, இந்த வரிதான் உம்மைக் காப்பாத்தும். அண்ணை அந்த எட்டு எழுத்தையும் சாமிப் படத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துப் பழகியிருந்தார். என் கடிதத்தில் அது ஒரு நீண்ட ஜெர்மன் சொல்லின் வாலாகத் தொங்கியது. பக்கத்தில் ‘இல்லை’ இருக்கவில்லை.

“அது விளையாட்டண்ணை. உங்களுக்கு நான் சொன்னனான்தானே.”

“உனக்கு விளங்கும். எனக்கும் விளங்கும். உன்ர விசாரணையில இருக்கப்போறவனுக்கு விளங்குமோ? தலைவர் கையெழுத்து, ட்ரெயினிங், மூண்டு வருசம். எல்லாம் ஒரு கடதாசியில.”

எனக்குக் கோபம் வந்தது. ஒரு சொல்லை மட்டும் வாசிக்கத் தெரிந்தவன் அந்த ஒரு சொல்லால் என் படிப்பைக் கிழித்துவிட்டான் என்று நினைத்தேன். அவர் அந்தச் சப்பாத்தைத் திரும்பவும் முதலில் இருந்து துடைக்கத் தொடங்கியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வியாழக்கிழமை பின்னேரம் கழகத்துக்குப் போனேன். என் நாள் அல்ல. மூவரும் ஒரு வரைபடத்தை விரித்து வைத்திருந்தார்கள். மைதானத்தின் இடப்பக்கத்தைப் பெருப்பிக்கக் காட்டோரத்தில் பன்னிரண்டு மரங்களைத் தறிக்க வேண்டுமாம். நகரசபைக்கு விண்ணப்பம் எழுத வேண்டும்.

“இன்றைக்கு சனி இல்லை,” என்றார் தலைவர்.

“எனக்கு அந்தக் கடிதம் திரும்ப வேணும். துலைஞ்சு போச்சு.”

துலைஞ்சு போச்சு என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று பொருளைத் தொலைக்காத ஆளுக்குத்தான் தெரியும். நான் ஒரு பேனை மூடியைக்கூடத் தொலைத்ததில்லை. ஆனால் இவர்களிடம் அண்ணையைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. அவர்களுக்குச் சிரிக்க ஏற்கெனவே வேண்டிய அளவு இருந்தது.

தலைவர் வாத்தியாரைப் பார்த்தார். “பார்த்தீரா? ஒரு கடதாசி. ஒரு கிழமைகூட வைச்சிருக்கத் தெரியேல்லை.” பிறகு என் பக்கம் திரும்பி, “சீசன் தொடங்க. அதுக்குப் பிறகு. இப்ப நேரம் இல்லை.”

“நாளைக்குப் போய்ச் சேர வேணும். நீங்கள் எழுத வேண்டாம். நான் தட்டச்சு செய்யிறன். நீங்கள் கையெழுத்து வையுங்கோ.”

“நீயோ?”

“விடும் ஐயா,” என்றார் சார்ஜன்ட். “மெஷின் அங்க சும்மாதானே கிடக்கு.”

அலுமாரிக்குப் பக்கத்தில் இருந்த தட்டச்சு இயந்திரத்தில் இரண்டு விரலால் அடித்தேன். பின்னால் மரங்களின் வழக்கு நடந்தது. தறிக்கலாம் என்று முதலில் சொன்னது வாத்தியார்தான். எனக்கு விரல் நின்றுவிட்டது.

“இது காடில்லை,” என்றார். “நட்டு வளர்த்த மரம். அலாஸ்காவில ஒண்டைத் தொட்டால் நான் உயிரை விடுவன். இது வேற.”

“எனக்கு மரம் இருந்தால் நல்லது,” என்றார் சார்ஜன்ட். “வெயில் கண்ணில அடிக்காது.”

“இந்த நாட்டில எண்டைக்கு வெயில் அடிச்சது?” என்றார் தலைவர்.

கடிதத்தில் நான் என்னைப் பற்றி ஒரு பொய்யும் எழுதவில்லை. ட்ரெயினிங் என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டு, ‘ஒவ்வொரு வருடமும் மார்ச் மாதம் முதல்’ என்று எழுதினேன். அர்த்தம் குறையவில்லை. அந்தச் சொல் இல்லாமல் மார்ச் மாதம் நன்றாகவே நடந்தது.

தாளைக் கொண்டுபோய் வைத்தேன். வாத்தியார் பேனையைத் திறந்து முதலில் இழுத்து எடுத்தார், பிழை பார்க்க. மேலிருந்து கீழே போனார். திரும்ப மேலே வந்தார். ஒரு காற்புள்ளியில் பேனை நின்றது, நான் காத்திருந்தேன். பேனையை மூடி, தாளைத் தலைவர் பக்கம் தள்ளினார். இருபத்தைந்து வருடம் படிப்பித்த மனிதருக்கு ‘சரி’ என்ற சொல் அவ்வளவு பாரம்.

தலைவர் பேனையைத் தேடும் நேரத்தில் சார்ஜன்ட் என்னைப் பார்த்தார்.

“மிஸ், நீங்கள் சொல்லுங்கோ. தறிக்கிறதோ, விடுறதோ?”

மூன்று வருடத்தில் அந்த மேசை என் அபிப்பிராயத்தைக் கேட்டது அன்றுதான். தலைவரின் கை தாளுக்கு மேல் இருந்தது; இன்னும் கையெழுத்து விழவில்லை. ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லியிருக்க வேண்டும். புத்தியுள்ளவள் அதைத்தான் சொல்வாள்.

“மூண்டு வருசமா நான்தான் கொப்பி எழுதினனான்,” என்றேன். “அந்த மரங்களுக்கு இண்டைவரைக்கும் ஒரு பந்தும் போய்ச் சேரேல்லை. மரம் நிண்டாலும் ஒண்டுதான், விழுந்தாலும் ஒண்டுதான். உங்கட ஆட்கள் அவ்வளவு தூரம் அடிக்க மாட்டினம்.”

சார்ஜன்ட் மேசையில் அடித்துச் சிரித்தார். வாத்தியார் நாட்காட்டிக் கரடியைப் பார்த்தார். தலைவரின் முகம் சிவந்து, காதும் சிவந்தது. பேனை அப்படியே நின்றது. ஒரு பகிடிக்காகப் பள்ளியை விட்டுவிட்டேன் என்று நினைத்தேன்.

“வையும் ஐயா,” என்றார் சார்ஜன்ட், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “பொய்யெண்டால் கொப்பியை எடுத்துக் காட்டும்.”

தலைவர் கொப்பியை எடுக்கவில்லை. கையெழுத்து வைத்தார், தாள் கிழியும்படி அழுத்தி. பிறகு, “இவ எப்போது இப்படிப் பேசப் பழகினா?” என்று சார்ஜன்டைக் கேட்டார். வினைச்சொல் ஒழுங்காகத்தான் இருந்தது. என்னைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஹைமுக்குப் போகாமல் நேரே ரயிலெடுத்துப் பள்ளிக்குப் போனேன். அகதிகள் தங்கள் மாவட்டத்தைத் தாண்டுவதற்கு அனுமதித்தாள் வேண்டும், என்னிடம் இல்லை. பரிசோதகர் வரவில்லை. வாசலில் இருந்த கன்னியாஸ்திரி தாளை வாங்கி, வாசித்து, “யார் தட்டச்சு செய்தது?” என்று கேட்டார். நான் என்றேன். திங்கட்கிழமை எட்டரைக்கு நேர்முகம் என்று ஒரு துண்டில் எழுதித் தந்தார். எடுப்பார்களா என்று சொல்லவில்லை.

ஹைமுக்குத் திரும்பி வர, அண்ணை வாசலில் நின்றார்.

“குடுத்திட்டியோ?”

“ஓம்.”

“அந்தச் சொல்லு?”

“இல்லை.”

அவர் தலையை ஆட்டினார். சாப்பாடு மூடி வைத்திருந்தார். நான் உட்காரவில்லை. மேசையில் ஒரு மூலையை ஒதுக்கிச் சோசலுக்குக் கடிதம் எழுதினேன்: வருகிற சனிக்கிழமையில் இருந்து அந்தக் கழக வீட்டுக்கு நான் போகமாட்டேன், நான் படிக்கப் போகிறேன். மறுத்தால் தண்டனை உண்டென்று தெரியும். பள்ளி இன்னும் என்னை எடுக்கவில்லை என்றும் தெரியும். முத்திரை ஒட்டி, தெருமுனைத் தபாற்பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்துதான் சாப்பிட்டேன்.